புது வீட்டு நெடி: பிளைவுட், பெயின்ட், பாலிஷ் வாடையிலிருந்து வீட்டுக் காற்றை மீட்பது எப்படி?

கிரகப்பிரவேசம் முடிந்து பதினைந்து நாள் இருக்கும். காலையில் புடவை எடுக்க வார்ட்ரோபைத் திறந்தேன். வெங்காயம் நறுக்கினாற்போல் கண்ணில் நீர் முட்டியது. மகளுக்கு இரவானால் வறட்டு இருமல். நெஞ்சில் சளி இல்லை என்றார் டாக்டர். பாட்டி வீட்டில் இரண்டு நாள் தங்கினால் இருமல் நின்றுவிடும், திரும்பி வந்த அன்று இரவே தொடங்கிவிடும். “புது வீடு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்” என்றார்கள் எல்லோரும். பெயின்ட் வாடை போனது. அலமாரியின் நெடி போகவில்லை. ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டினோம். அந்த ஆறு மாதத்தில் செய்ததையும் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். நாங்கள் வரிசையைத் தலைகீழாகச் செய்து பணத்தை விட்டோம்.

அந்த நெடி எங்கிருந்து வருகிறது

புது வீட்டில் ஒரே வாடை போலத் தெரிந்தாலும் அது இரண்டு வகை. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் வைத்தியம் தப்பிவிடும்.

முதல் வகை, காய்வதால் வருவது. எனாமல் பெயின்ட், தின்னர், வார்னிஷ், பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ், லேமினேட் ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசை இவற்றிலிருந்து டொலுவின், சைலீன் போன்ற கரைப்பான்கள் ஆவியாகும். முதல் சில நாள் தலையே சுற்றும். ஜன்னல் திறந்திருந்தால் சில வாரங்களில் பெரும்பகுதி போய்விடும். பானையில் ஊற்றிய தண்ணீர் போல, உள்ளது ஆவியானதும் கதை முடிந்தது.

இரண்டாவது வகைதான் பிடிவாதக்காரன். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப் பலகைகளில் மரத்தாளையும் மரத்தூளையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். மலிவு, சீக்கிரம் இறுகும், நிறமில்லாதது. ஆனால் காற்றின் ஈரம் பட்டால் அந்தப் பிசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். முதல் சில மாதங்களில் அதிகம், பிறகு குறையும், ஆனாலும் வருடக் கணக்கில் நீளும். கண்ணையும் தொண்டையையும் காந்த வைப்பது இதுதான். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் வைத்திருக்கும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம். அதாவது நூறு கோடிக்குச் சுமார் 80 பங்கு.

இது நம் ஊருக்கு ஏன் கூடுதல் கவலை என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2005-இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களில் அரசு டிரெய்லர் வீடுகளைக் கொடுத்தது. சின்ன இடம், சுற்றிலும் மலிவுப் பலகை, மூடிய ஜன்னல். குடியிருந்தவர்களுக்குக் கண் எரிச்சல், இருமல், மூக்கில் ரத்தம். 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 டிரெய்லர்களை அளந்தார்கள். சராசரி, நூறு கோடிக்கு 77 பங்கு. மிக மோசமான ஒன்றில் 590. இத்தனைக்கும் அளந்தது குளிர்காலத்தில். வெயிலும் ஈரமும் ஏறினால் பலகை கக்குவதும் ஏறும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வருடத்தில் முக்கால்வாசி நாள் வெயிலும் ஈரமும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பதினொன்று அடி படுக்கையறையில் தரை 110 சதுர அடி. சுவர் அகலத்துக்கு, லாஃப்ட் வரை ஏறும் வார்ட்ரோபுக்கு எட்டுக்கு நாலு பலகை ஏழு பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் சேர்த்து 448 சதுர அடிப் பரப்பு. தரையைப் போல நான்கு மடங்கு பலகையோடு ஒரே அறையில் தூங்குகிறோம். கட்டிலுக்கு அடியில் பெட்டி, படிப்பு மேசை, டிவி யூனிட் எல்லாம் தனிக்கணக்கு.

படி 1: யார் அந்த அறையில் இருக்கக் கூடாது

கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர்கள், வயதானவர்கள் ஆகியோரை நெடி அதிகமுள்ள அறையிலிருந்து இன்றைக்கே மாற்றிவிடுங்கள். வேறு அறை இல்லாவிட்டால் ஹாலில் பாய் விரித்துப் படுக்கலாம். மூச்சுத்திணறல், வீசிங் இருந்தால் வீட்டைச் சரிசெய்வது அப்புறம், முதலில் டாக்டர். அவரிடம் போகும்போது, எப்போது குடி வந்தீர்கள், வெளியூர் போனால் குறைகிறதா, எந்த அறையில் கூடுகிறது என்று ஒரு தாளில் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். எங்களுக்கு உண்மையைப் பிடித்துக்கொடுத்தது அந்தத் தாள்தான்.

படி 2: மூலத்தைத் தேடுங்கள்

மூக்கு சீக்கிரம் பழகிவிடும். கால்மணி நேரம் உள்ளேயே இருந்தால் நெடி ‘போய்விட்டது’ போலத் தோன்றும். அதனால் இரவு எல்லாக் கதவையும் டிராயரையும் மூடிவிட்டு, காலையில் மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வெளியாள் ஒருவரை அழைத்துவந்து கேட்பது இன்னும் நல்லது. ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

சந்தேகமான பலகையின் மிச்சத் துண்டு கிடைத்தால் அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, ஒரு நாள் வெயிலில் வைத்துத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் சமையலறைப் பலகைத் துண்டு கிட்டத்தட்ட வாடையே இல்லாமல் இருந்தது. படுக்கையறைத் துண்டோ பாட்டிலைத் திறந்ததுமே முகத்தில் அடித்தது. இரண்டும் ஒரே பில்லில் வந்தவை.

பலகையைத் தவிர ஒரு சுற்றுப் பார்க்க வேண்டியவையும் உண்டு. மெலமைன் பாலிஷ் அடித்த கதவும் ஃபார்மால்டிஹைடு விடும். மரப்பொருளின் பின்பக்கத்தில் கரையானுக்கு அடித்த மருந்து, பீரோவில் போட்ட அந்துருண்டை, பாத்ரூமில் தொங்கும் வாசனைக் கட்டி ஆகியவையும் வாயு விடுபவைதான். கரையான் மருந்தாக நம் ஊரில் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் குளோர்பைரிபாஸை ஜப்பான் 2003-லேயே வீடு கட்டும் பொருள்களில் தடைசெய்துவிட்டது. அந்த மருந்து வாடை வீட்டுக்குள் வந்தால் அதை ஊற்றத் தரையில் போட்ட துளைகளை சிமென்ட் வைத்து நன்றாக அடைக்கச் சொல்லுங்கள். சாக்கடை வாடை வந்தால் அது வேறு விஷயம்: பயன்படுத்தாத பாத்ரூமின் நஹானி ட்ராப் (வடிகாலுக்கடியில் தண்ணீர் நின்று வாடையைத் தடுக்கும் கிண்ணம்) காய்ந்திருக்கும், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

படி 3: காற்றுக்கு வழி

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறோம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடுகிறது. மின்விசிறியும் அப்படித்தான். கதவு ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் துணியும் வைத்து ஏசி போட்டுத் தூங்கினால், பலகை கக்குவது முழுக்க நமக்கே.

ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது. காற்று நுழைய ஒரு வழி, வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு வழி வேண்டும். படுக்கையறை ஜன்னலும் ஹால் பால்கனிக் கதவும் திறந்திருக்க வேண்டும், நடுவில் உள்ள கதவும் திறந்திருக்க வேண்டும். காற்றே அசையாத நாளில் மேசை விசிறியை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்துவிடுங்கள். உள்காற்றை அது வெளியே தள்ளும், எதிர்ப்பக்கத்திலிருந்து புதுக்காற்று தானாக வரும். காலை எழுந்ததும் அரை மணி, மாலை அரை மணி. அந்த நேரத்தில் வார்ட்ரோப், டிராயர், லாஃப்ட் கதவு எல்லாம் விரியத் திறந்திருக்கட்டும். முதல் மூன்று மாதம் நாங்கள் இதை ஒருநாள்கூட விடவில்லை.

ஆனால் பகலில் அரை மணி திறந்துவிட்டு இரவு முழுக்க அடைத்தால் விடிவதற்குள் பழைய அளவு வந்துவிடும். இது பலகையின் குணம். அறைக்காற்றில் வாயு குறைந்தால் பலகை இன்னும் வேகமாக விடும், நிறைந்திருந்தால் மெதுவாக விடும். அதனால் ஒரேயடியாகத் திறப்பதைவிட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று மாறிக்கொண்டே இருப்பதுதான் தேவை. ஜப்பானில் இதே நோவை ‘சிக் ஹவுஸ்’ என்று பேர் வைத்துப் பெரிய பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். 2003 ஜூலையிலிருந்து, புதிதாகக் கட்டும் வீட்டில் 24 மணி நேரமும் விசிறி ஓடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறைக்காற்று முழுதும் மாற வேண்டும் என்று கட்டடச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

நம் வீட்டில் அதே வேலையைச் சிக்கனமாகச் செய்ய முடியும். பத்துக்குப் பதினொன்று அறை, பத்தடி உயரம் என்றால் 1,100 கன அடிக் காற்று. மணிக்கு 550 கன அடி வெளியேறினால் ஜப்பான் கணக்குக்குச் சரியாகிவிடும். பாத்ரூமில் மாட்டும் ஆறங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இதைவிடப் பல மடங்கு தள்ளும். அட்டாச்டு பாத்ரூம் உள்ள அறையில் அந்த ஃபேனை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, பாத்ரூம் கதவை ஒருக்களித்து, படுக்கையறை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாலே போதும். ஏசிக்குக் கொஞ்சம் கூடுதல் கரண்ட் ஆகும். அந்தச் செலவை நான் மருந்துச் செலவோடு ஒப்பிட்டுக்கொள்வேன். ஃபேன் உள்ள பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால் மட்டும் இந்த முறை வேண்டாம், எரிந்த புகையை அது உள்ளேயே இழுத்துவிடும்.

கொசுவுக்குப் பயந்துதான் பாதி வீடுகளில் ஜன்னலை அடைக்கிறார்கள். அடைத்துவிட்டு உள்ளே சுருள் கொளுத்துகிறார்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுக்குச் சமமாகலாம் என்று 2003-இல் வந்த ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. முதலில் வலை அடியுங்கள். ஒட்டும் பட்டையோடு வரும் வலை போதும். இந்த விஷயத்துக்குச் செலவழிக்கும் முதல் பணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காற்று உண்மையில் மாறுகிறதா என்று பார்க்க ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் உதவும். அகச்சிவப்பு சென்சார் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 420 பங்கு) காட்டும். இரண்டு பேர் அடைத்த அறையில் ஏசி போட்டுத் தூங்கினால் விடியற்காலையில் 2,000-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆயிரத்துக்குள் வைத்திருந்தால் காற்று ஓடுகிறது என்று பொருள். மீட்டர் நெடியை அளப்பதில்லை, காற்றோட்டத்தைத்தான் அளக்கிறது. நமக்குத் தேவையும் அதுதான்.

படி 4: பச்சை விளிம்புகளை மூடுங்கள்

எங்கள் வீட்டில் நிலைமையை மாற்றியது இந்தப் படிதான். லேமினேட் ஒட்டிய பரப்பு பெரும்பாலும் வாயுவை அடைத்துக்கொள்ளும். எதுவும் ஒட்டாத பச்சைப் பலகையும், அறுத்த விளிம்பும், துளையும்தான் வாசல். ஆசாரியைத் திரும்ப அழைத்து ஒரு டார்ச்சோடு வார்ட்ரோபுக்குள் பார்த்தோம். கதவின் முகப்பெல்லாம் பளபளவென்று லேமினேட். தட்டுகளின் அடிப்பக்கம் மொட்டை. பின்பலகை மொட்டை. ஒவ்வொரு கீலுக்கும் கதவில் 35 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் பச்சைப் பலகை தெரிந்தது. தட்டு தாங்கும் முளைக்காக வரிசையாகப் போட்ட துளைகளில் பாதி காலி.

“அண்ணே, உள்ளே ஏன் எதுவும் ஒட்டலை?”

“உள்பக்கத்தை யாரும்மா பாக்கப் போறாங்க?”

அவர்மேல் தப்பில்லை. பார்வைக்கு மட்டும் கூலி பேசியது நாங்கள்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தட்டின் அடி, உட்சுவர், பின்பலகை ஆகிய பெரிய பரப்புகளுக்கு உள்ளே ஒட்டும் மெல்லிய லைனர் லேமினேட். அதை வெள்ளைப் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். ரப்பர் பசை போட்டால் ஒரு நெடியை அடைக்க இன்னொரு நெடி வந்து சேரும். அறுத்த விளிம்புகளுக்கு எட்ஜ் பேண்ட் என்ற ஒட்டுப் பட்டை. கீல் குழி, திருகுத் துளை, சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய ஓட்டையின் ஓரம் ஆகிய இடங்களில் லேமினேட் போகாது. அங்கே தண்ணீரில் கலக்கும் பி.யு. சீலரை சின்ன பிரஷ்ஷால் மூன்று கோட், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. கீலைக் கழற்றித்தான் அடிக்க வேண்டும், மேலோடு அடித்தால் பயனில்லை. காலித் துளைகளுக்கு பிளாஸ்டிக் மூடி கிடைக்கிறது. பேஸ்போர்டுக்குக் கீழே, சமையலறைக் கேபினெட்டின் அடியில், வார்ட்ரோப் தலைமேல் என மூன்று இடங்களை எல்லோரும் மறப்பார்கள், அங்கேயும் கை போகட்டும். சீலர் வாடை அடங்கும்வரை அந்த அறையில் படுக்க வேண்டாம்.

இரண்டு நாள் வேலை. மூன்றாவது வாரம் காலையில் கதவைத் திறந்தபோது துணி வாசனைதான் வந்தது.

எவ்வளவு மூடினாலும் அடங்காத பலகை உண்டு. அப்போது அதைக் கழற்றி எடுப்பதுதான் வழி. மனம் வராது, தெரியும். முழு வார்ட்ரோபையும் எடுக்க வேண்டியதில்லை. பாட்டில் சோதனையில் மாட்டிய பின்பலகையையும் தட்டுகளையும் மட்டும் மாற்றினாலே பெரும்பகுதி குறையலாம்.

படி 5: வெயிலையும் ஈரத்தையும் கையாளுங்கள்

ஆளில்லாத வீட்டில் வெயில் நமக்கு உதவி. குடி வருவதற்கு முன் சித்திரை வைகாசி வெயிலில் பகலெல்லாம் அடைத்து வைத்துச் சூடேற்றி, மாலையில் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். கரைப்பான் வாடை இதில் சீக்கிரம் போகும். பிசினிலிருந்து வருவது கொஞ்சம் குறையும், தீராது.

குடியேறிய பின் இதுவே தலைகீழ். அறை குளிர்ச்சியாகவும் உலர்ந்தும் இருந்தால் பலகை குறைவாக விடும். ஆகவே ஏசி எதிரி இல்லை. விரல் அளவு திறந்த ஜன்னலோடு ஓடும் ஏசி நல்லதே செய்யும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏசியின் டிரை மோடைப் போடுங்கள், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஈரத்துணியை அந்த அறையில் காயப் போடாதீர்கள்.

சுத்திகரிப்பான், செடி, சாம்பிராணி

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாயுவுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். அதிலும் சாதாரணக் கரியில் ஃபார்மால்டிஹைடு அதிகம் ஒட்டாது, பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்றவை ஏற்றிய ரகம் வேண்டும். கடையில் “உள்ளே எத்தனை கிலோ கார்பன், என்ன ஏற்றியது” என்று கேளுங்கள். மெல்லிய கறுப்புத் துணியைக் காட்டினால் வேண்டாம், அது சில வாரங்களில் நிரம்பிவிடும். ஓசோன் விடும் இயந்திரம் எந்தப் பெயரில் வந்தாலும் வாங்காதீர்கள். ஓசோனே நுரையீரலைப் புண்ணாக்கும், எலுமிச்சை வாசனைப் பொருள்களோடு சேர்ந்தால் புதிதாக ஃபார்மால்டிஹைடையும் உண்டாக்கும்.

செடி வைத்தால் போதும் என்ற பேச்சு 1989-இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து வந்தது. வீடு மூடிய பெட்டி இல்லையே. 2019-இல் இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடி செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி, சில நிலைகளில் ஆயிரம்வரை வேண்டும் என்று கண்டார்கள். செடியை அழகுக்காக வையுங்கள்.

சாம்பிராணி போடச் சொல்லாத பெரியவர்கள் இல்லை. புகை போட்டதும் நெடி அடங்கினாற்போல் இருக்கும். ஆனால் நெடியின்மேல் புகை ஏறியதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை போடுவதை விட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள்.

அளந்து பார்க்க வேண்டுமா?

ஆன்லைனில் விற்கும் மலிவான ஃபார்மால்டிஹைடு மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். கை சானிடைசர், சென்ட், தோசை மாவுப் புளிப்பு எதற்கும் அது ஏறும். பில்டரிடமோ இன்டீரியர் காரரிடமோ பேச ஆதாரம் வேண்டுமென்றால், என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமுள்ள ஆய்வகத்தில், ஃபார்மால்டிஹைடைப் பிடித்துவைக்கும் டி.என்.பி.எச். வேதிப்பொருள் அடைத்த குழாய் வைத்துக் காற்று எடுக்கும் முறை உண்டா என்று கேளுங்கள். ஜப்பானில் பின்பற்றும் முறை எளிது: அரை மணி நேரம் எல்லாம் திறந்து வைத்து, பிறகு ஐந்து மணி நேரத்துக்கு மேல் மூடி, அறையின் நடுவில் அரை மணி காற்று எடுப்பார்கள். அன்றைய வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள், மார்கழியில் எடுத்த எண்ணும் சித்திரையில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது.

இன்னும் வேலை தொடங்காதவர்களுக்கு

எம்.ஆர். கிரேடு (ஈரத்தை ஓரளவே தாங்கும் சாதாரணப் பிளைவுட்) என்பது யூரியா பிசின். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் உள்ள மரைன் பிளை பினால் பிசின். அது ஈரத்தில் சிதையாது, விடும் வாயுவும் மிகக் குறைவு. எந்தப் பலகையாக இருந்தாலும் வாயு குறைவாக விடும் ‘இ0’ அல்லது ‘இ1’ உமிழ்வு வகைக்கான சான்றிதழை டீலரிடம் கேட்டு வாங்கி, சான்றிதழின் எண்ணும் பலகை முத்திரையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் ‘உள்பக்கம் உட்பட எல்லாப் பரப்பும், எல்லா விளிம்பும் மூட வேண்டும்’ என்று ஒரு வரி எழுதுங்கள். பலகையே இல்லாத வழியும் நமக்குப் புதிதல்ல. நம் பழைய வீடுகளின் கடப்பா கல் தட்டு எந்த வாயுவும் விடாது. சமையலறைக்கு ஸ்டீல், அலுமினியம் கேபினெட் இப்போது எங்கும் செய்கிறார்கள்.

அப்புறம் நாள். முகூர்த்தத்துக்கு முந்தின இரவுவரை பாலிஷ் அடித்து, மறுநாள் பால் காய்ச்சி, அன்றே பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம். ஆடியில் யாரும் குடி போக மாட்டோம். அதையே கணக்காக வைத்து, மரவேலையும் பெயின்ட்டும் ஆனிக்குள் முடியும்படி திட்டமிடுங்கள். அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்று ஒரு மாதம் வீட்டுக்குள் புகுந்து போகட்டும். ஆவணியில் பால் காய்ச்சலாம்.

வெளியிலேயே நெடி இருந்தால்

மணலி, எண்ணூர், கடலூர் சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு ‘ஜன்னலைத் திற’ என்பது எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருந்தது. வெளியிலிருந்து நெடி வரும் நேரத்தில் ஜன்னலை அடைத்து எக்ஸாஸ்டை நிறுத்துங்கள், காற்றுத் திசை மாறிய பிறகு திறங்கள். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும், ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள்.

கழற்றிய பலகையை என்ன செய்வது

ஊரில் வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று மாமியார் கேட்டார். கொடுக்கவில்லை. பிசினும் லேமினேட்டும் சேர்ந்து எரிந்தால் வரும் புகை, பலகை சும்மா இருந்தபோது விட்டதைவிட மோசம். மொட்டை மாடியில் வெயில் மழையில் அடுக்கி வைப்பதும் வேண்டாம், கீழ்வீட்டு ஜன்னலுக்கு நெடி போகும். மாநகராட்சியின் கட்டடக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். வண்டியில் ஏற்றும்போது, விளிம்பெல்லாம் மூடிய நல்ல துண்டுகளைத் தனியே பிரித்து வையுங்கள். பால்கனியில் செருப்பு ஸ்டாண்டு செய்ய அவை ஆகும்.